ஒரே புள்ளியில் இரண்டு பேர்

"தண்ணி எதுவரைக்கும்டா இருக்கு?"

கத்திக்கொண்டே இரும்பு அலமாரியின் டிராயரை இழுத்தாள் அக்கா. பாதியில் சிக்கிக்கொண்டது. காலால் ஓர் உதை விட்டாள். வழிக்கு வந்தது.

"முட்டிக்கு மேல வந்தாச்சு," என்றது மேஜைமேல் கிடந்த வாக்கி டாக்கி. "கொஞ்சம் முன்னாடி கணுக்காலுக்குத்தான் இருந்துச்சு. கால் ரெண்டு பாறைக்கு நடுவுல மாட்டிக்கிச்சுக்கா. இழுத்தா உயிர் போகுது."

"போகாது. வாயை மூடிட்டு நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"வாயை மூடிட்டு எப்படிக்கா பதில் சொல்றது?"

இந்த நிலையிலும் பேச்சுக்குக் குறைச்சலில்லை. அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு, மலையின் வரைபடத்தை உருவி மேஜைமேல் விரித்தாள். நான்கு மூலைக்கும் கையில் கிடைத்த நான்கு சாமான்களை வைத்தாள்.

நில அளவை அலுவலகத்தின் வரைபட அறை அது. மத்தியானம்தான் என்றாலும் விளக்கெல்லாம் எரிந்தது. வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. மலை இருக்கவேண்டிய திசையில் வெறும் சாம்பல் நிறம்.

தம்பி செல்போன் டவர் மெக்கானிக். மழைநாளில் தனியாக மேலே போகக் கூடாது என்பது அவன் கம்பெனியின் விதி. விதியென்று ஒன்று இருந்தால் அதை மீறாமல் தம்பிக்குச் சோறு இறங்காது. காலையில் போனான். திரும்பும்போது பாதை காலுக்கடியில் சரிந்தது. உருண்டு ஆற்றில் விழுந்தான். ஆறு அவனை இழுத்துக்கொண்டு போய் எங்கோ ஒரு பாறை இடுக்கில் செருகிவிட்டது. போனை ஆறு எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்தவை இரண்டுதான். சட்டைக்குள் கட்டியிருந்த வாக்கி டாக்கி ஒன்று. ஆன்டெனாவைத் திசை பார்த்துத் திருப்புவதற்காகக் கழுத்தில் மாட்டியிருந்த காம்பஸ் இன்னொன்று.

எங்கே இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. தண்ணீர் தலைக்கு மேல் போவதற்குள் அதை அக்கா கண்டுபிடித்தாக வேண்டும்.

மற்றவர்கள் கண்ணுக்கு அந்த வரைபடம் கட்டைவிரல் ரேகை மாதிரி இருக்கும். பழுப்பு நிறத்தில் வளைவு வளைவாகக் கோடுகள். ஒரு கோடு என்றால் ஓர் உயரம். அதன்மேல் எங்கே நின்றாலும் அதே உயரம்தான். கோடுகள் நெருக்கிக்கொண்டு வந்தால் சரிவு செங்குத்து. விலகிப் போனால் சாவகாசமான ஏற்றம். பார்த்த மாத்திரத்தில் மலை அக்காவின் கண்முன் எழுந்து நின்றுவிடும். வீட்டுக்காரரின் நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் சரியப் போகிறார் என்று சொல்லிவிடுவாள் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

"எதிர்ல என்ன தெரியுது?"

"பனி... இரு, இரு, விலகுது. ஒரு மலை. நடுவுல மண்ணு சரிஞ்சு வெள்ளையா ஒரு தழும்பு."

"அதுக்கு நேரா காம்பஸைப் பிடி. முள்ளு என்ன காட்டுது?"

"எழுபத்தி ரெண்டு."

"வேற?"

"வலப்பக்கம் கோடியில எங்க பழைய டவர். நூத்தி இருபது. அவ்வளவுதான்க்கா, மூடிடுச்சு."

அது போதும். தழும்பும் டவரும் வரைபடத்தில் இருக்கின்றன. அந்தந்தக் கோணத்தில் அவற்றிலிருந்து பின்னோக்கி இரண்டு கோடு இழுத்தால், அவை சந்திக்கும் புள்ளியில் தம்பி இருப்பான். பென்சில் ஓடியது. கோடுகள் சந்தித்தன.

அக்காவின் புருவம் நெளிந்தது. புள்ளி விழுந்த இடம் ஒரு மலைச்சரிவு. தண்ணீர் ஓடாத இடம். ஆறு அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, பள்ளத்தில் ஓடுகிறது.

"அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க."

அப்பா ஜன்னலோரம் நின்றிருந்தார். சேதி கேட்டதும் குடையை விரிக்கக்கூட மறந்து நனைந்துகொண்டே ஓடிவந்தவர். ஓய்வு பெறும்வரை இதே அறையில் வரைபடங்களைச் சரிபார்த்தவர். இந்த மலைப்படத்தின் அடியில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் இருப்பது அவர் கையெழுத்துதான். வந்தார். புள்ளியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஜன்னலுக்கே போய்விட்டார்.

மகன் தண்ணீரில் கிடக்கிறான், மனுஷன் பேச்சற்றுப் போனதில் என்ன ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

"மீசை அண்ணே, கேக்குதா?"

"கேக்குது தங்கச்சி. மேல பாதையில ஏறிட்டிருக்கோம்."

மீட்புக் குழுவின் தலைவர் அவர். மீசையை மழித்துப் பல வருஷமாகியும் பெயர் மட்டும் மூக்குக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா வழி சொன்னாள். ஒற்றைப் பாறையைத் தாண்டி, முதுகுபோல் நீண்டிருக்கும் மேட்டில் இறங்கி, இடப்பக்கம் திரும்பி...

நிமிஷங்கள் நத்தையாக ஊர்ந்தன. தண்ணீர் தம்பியின் தொடைக்கு வந்தது.

"வந்தாச்சு," என்றார் மீசை. "நீ சொன்ன இடம்தான். ஆளும் இல்லை, தண்ணியும் இல்லை. புல்லும் புதரும்தான். நாலடி தள்ளி ஒரே பனி, ஒண்ணும் தெரியலை."

"எதிர்ல தழும்பு தெரியுதா? காம்பஸ் பிடிங்க."

"விட்டு விட்டுத் தெரியுது... எழுபத்தி ரெண்டு."

"டவர்?"

"நூத்தி இருபது."

வாக்கி டாக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அண்ணே," என்றான் தம்பி மெதுவாக. "அது என் நம்பர்."

"தெரியுதுடா. அப்ப நான் நிக்கிற இடத்துலதான் நீயும் இருக்கே. கொஞ்சம் நகர்ந்துக்கோ, எனக்கு இடம் பத்தலை."

அவர் ஜோக்குக்கு அவரே சிரிக்கவில்லை. விசிலை எடுத்து நுரையீரல் கிழிய ஊதினார்.

"விசில் கேட்டுச்சாடா?" என்றாள் அக்கா.

"வாக்கி டாக்கிக்குள்ளதான் கேட்டுச்சு. வெளியில தண்ணிச் சத்தம் மட்டும்தான்."

தண்ணீரில் கிடப்பவன் ஒருவன். மேட்டுச் சரிவில் நிற்பவர் ஒருவர். இரண்டு பேரும் ஒரே புள்ளியில். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

"காம்பஸ் பொய் சொல்லுது." அப்பாவின் குரல். ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "பக்கத்துல இரும்புப் பாறை இருக்கும், முள்ளை இழுக்கும். கீழ ஆத்து வளைவுல போய்த் தேடச் சொல்லு."

"ரெண்டு காம்பஸும் ஒரே பொய்யையாப்பா சொல்லும்?"

"ஒரே மலைதானேம்மா. சொன்னதைச் செய், நேரம் போகுது."

கையெழுத்துப் போட்டவரே சொல்கிறார். ஆற்று வளைவுக்கு இறங்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கிவிட்டால் மறுபடி ஏறி வர நேரமே இருக்காது. ஒரே ஒரு முடிவுதான் எடுக்க முடியும். அக்கா பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணே, கீழ ஆத்து..."

"அக்கா!" தம்பி குறுக்கே விழுந்தான். "இறங்க வேண்டாம்கறாரு."

"யாரு?"

"இங்க இருக்கிறவரு."

அக்கா வாக்கி டாக்கியைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

"எனக்குப் பின்னாடி, இருட்டுல உக்காந்திருக்காரு. முழிச்சப்பவே இருந்தாரு. மீட்பு ஆளுங்கன்னு நினைச்சேன்."

"என் ஆளுங்க மொத்தமும் என் கண்ணு முன்னாடி நிக்குதுடா தம்பி," என்றார் மீசை. குரலில் பழைய கித்தாப்பு இல்லை.

"அவர்கிட்ட வாக்கி டாக்கியைக் குடு," என்றாள் அக்கா.

"நீட்டினேன். வாங்க மாட்டேங்கறாரு. அக்கா, என்னமோ சொல்றாரு, எனக்கு ஒரு எழவும் புரியலை. கோடு ரெண்டும் வெட்டுதுன்னு சொல்லு, அவளுக்குப் புரியும்ங்கறாரு."

பென்சில் மேஜையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அந்தப் பழுப்புக் கோடுகளைத்தான் சொல்கிறது குரல். தம்பிக்குச் சமஉயரக் கோடு என்றால் என்னவென்றே தெரியாது. வரைபடத்தை மடிக்கக்கூடத் தெரியாதவன். அவனாக இதைச் சொல்ல வழியே இல்லை.

"கோடு வெட்டாதுடா," என்றாள் அக்கா. மனப்பாடமாக, யோசிக்காமல் வாயில் வந்த பதில். இந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் முதல் நாளில் கற்றுக்கொள்வது அதைத்தான். ஒரு கோடு ஓர் உயரம். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால், ஒரே இடத்துக்கு இரண்டு உயரம் என்று ஆகிவிடும். அது எப்படி முடியும்?

தம்பி யாருக்கோ "ம், ம்" கொட்டுவது கேட்டது.

"'உங்க அப்பாவும் இதையேதான் சொன்னாரு'ங்கறாரு. அக்கா... இவருக்கு எப்படி நம்ம அப்பாவைத் தெரியும்?"

அக்கா திரும்பினாள். அப்பா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அப்பா. யார் அது?"

அப்பா கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"அப்பா, தண்ணி அவன் இடுப்புக்கு வந்துடுச்சு. யார் அது?"

"களப்படத்தை எடு," என்றார் அப்பா. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது குரல். "அடி டிராயர். எல்லாத்துக்கும் கீழ, குப்புறப் போட்டு வச்சிருக்கேன்."

களப்படம் என்பது சர்வேயர் மலைமேல் நின்று, கண்ணால் பார்த்து, பென்சிலால் வரைவது. அதைச் சரிபார்த்து, துப்புரவாக மறுபடி வரைந்துதான் அச்சுக்கு அனுப்புவார்கள். அக்கா மண்டியிட்டு அடி டிராயரைக் கிளறினாள். கடைசித் தாளைத் திருப்பினாள்.

அதே மலை. அதே சரிவு. ஆனால் அந்தப் புள்ளி இருக்கும் இடத்தில் இரண்டு பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெட்டிக்கொண்டு போயின. ஆற்றின் நீலக் கோடும் விலகி ஓடவில்லை. நேராக அந்த வெட்டுக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து: 'பிழை. கோடுகள் வெட்டா. திருத்தவும்.'

ஓரத்தில் வரைந்த சர்வேயரின் பெயர். அலுவலகத்தில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. நெட்டை என்றால்தான் தெரியும். அக்கா பாவாடை கட்டிய வயதில் இங்கே வரும்போதெல்லாம் இந்த வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, "உன் ஆபீஸ் ரொம்பக் குட்டை பாப்பா," என்று சிரித்த மாமா. ஒருநாள் மலைக்குப் போனவர் வரவில்லை. தேடினார்கள். கிடைக்கவில்லை. எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார் என்று ஊர் பேசி முடித்துக்கொண்டது. அவர் மனைவி இந்த வாசலில் வந்து நின்றதும், யாரும் நிமிர்ந்து பார்க்காததும் அக்காவுக்கு மங்கலாக ஞாபகம் இருந்தது.

ஒரே இடத்துக்கு இரண்டு உயரம்! இருக்க முடியுமே. மலையின் விளிம்பு கூரைமாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முடியுமே. மேலே ஒருவர் நிற்கலாம். அதே புள்ளியில், நேர் கீழே, இன்னொருவர் கிடக்கலாம்.

அக்கா வாக்கி டாக்கியைப் பாய்ந்து எடுத்தாள்.

"அண்ணே! நீங்க நிக்கிறது தரை இல்லை. கூரை."

"என்னது?"

"பாறை வெளிய நீட்டிட்டு இருக்கு. புதருக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே கிடையாது. அவன் உங்க காலுக்கு நேர் கீழ இருக்கான். எல்லாரையும் படுக்கச் சொல்லுங்க. கயிறு இறங்கும்போது அந்தரத்துல தொங்கும், பாறையில கால் படாது. ஊஞ்சல் மாதிரி ஆடி உள்ள போகணும்."

மீசை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு புல் உராயும் சத்தம். "ஆமாம் தங்கச்சி," என்றார், மூச்சு வாங்க. "எட்டிப் பாத்தேன். கீழ ஒண்ணுமே இல்லை. கயிறு கட்டுறோம்."

"அக்கா," என்றான் தம்பி. பற்கள் கிடுகிடுத்தன. "நெஞ்சுக்கு வந்துடுச்சு. அவரு வந்து என் தலையைத் தாங்கிப் பிடிச்சிருக்காரு. கை ஐஸ் மாதிரி இருக்கு. விரலு எவ்ளோ நீளம் தெரியுமா?"

அக்காவுக்கு இப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அந்தக் கைகளில் இருப்பது சிவப்பு வட்டம் போட்டவரின் மகன். அது அந்தக் கைகளுக்கும் தெரியும்.

"மாமா," என்றாள் வாக்கி டாக்கியில். இத்தனை வருஷம் கழித்து அந்த முறை வாயில் தானாக வந்தது. "அவன் அப்ப பொறக்கவே இல்லை மாமா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவனை விட்டுடுங்க."

தண்ணீர் இரைச்சல். தம்பியின் மூச்சு. அப்புறம் தம்பி சொன்னான்:

"'விட்டா மூழ்கிடுவான் பாப்பா'ங்கறாரு."

பேட்டரி தீர்ந்ததற்கான பீப் ஒலி கேட்டது. அத்தோடு தம்பியின் பக்கம் செத்துப்போனது.

பின்னாலிருந்து ஒரு முனகல். அப்பா நாற்காலியைத் தேடாமல், நின்ற இடத்திலேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைத் தூக்கவில்லை. மீசையின் குழு கத்திக்கொள்வது மட்டும் துண்டு துண்டாக வந்தது. இறக்கு. இன்னும் இறக்கு. ஆட்டு. பிடி. நழுவுது, விடாதே. ஆட்டு. கடப்பாரையைக் குடு.

பிறகு ஒன்றும் வரவில்லை. அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது. இல்லை, காதுதான் அடைத்திருக்கிறது.

"தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே."

"ஆளை எடுத்தாச்சு. உசுரோட இருக்கான். கால் உடைஞ்சிருக்கு, வாய் உடையலை."

அக்கா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். மலைப்படம் நனைந்தது. நனையட்டும்.

"தங்கச்சி, இன்னொண்ணு." மீசை குரலைத் தாழ்த்தினார். "நான் உள்ள போனப்போ தண்ணி அவன் தலையைத் தாண்டி இருக்கணும். மயங்கிக் கிடந்தான். ஆனா மூஞ்சி மட்டும் தண்ணிக்கு மேல நின்னுச்சு. எப்படின்னு என்னைக் கேக்காதே. கீழ ஒரு பிடிமானமும் இல்லை."

"அவர்?"

"யாரும் இல்லை. பின்னாடி உசரமா ஒரு காய்ஞ்ச திட்டு இருக்கு. அதுல எலும்புக்கூடு ஒண்ணு சாஞ்சு உக்காந்திருக்கு. ரொம்பப் பழசு, பாசி ஏறிப்போச்சு. தொடை எலும்பு நீளத்தைப் பாத்தா ஆறடிக்கு மேல இருந்திருப்பான் மனுஷன். போலீஸுக்குச் சொல்லிட்டேன்... இரு, உன் தம்பி முழிச்சுட்டான். பேசியே ஆகணுமாம்."

"அக்கா."

"பேசாதடா. மேல ஏறி வா, அப்புறம் பேசிக்கலாம்."

"இல்லக்கா, மறந்துடுவேன். அவரு சொல்லி அனுப்பினாரு. அப்பா பக்கத்துல இருக்காரா?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

"இருக்காரு. கேட்டுட்டுதான் இருக்காரு."

"எத்தனை நாள் இங்க இருந்தீங்கன்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'அன்னைக்கு மேல வந்து நின்னுட்டு, நான் கூப்பிட்டும் திரும்பிப் போனாரே, அவரு சௌக்கியமா?'ன்னு கேட்டாரு. யாரைக் கேக்கறாரு? எனக்குப் புரியலைக்கா. அப்பாவுக்குப் புரியும்னாரு."

அக்கா வாக்கி டாக்கியை அணைத்தாள். அறையில் ஈரத்தாளின் வாசனை அடித்தது. கேட்காமலே அப்பா பேசினார், தரையைப் பார்த்து.

"அவன் மறுபடி அளந்து காட்டறேன்னு கோவிச்சுக்கிட்டுப் போனான். வரலைன்னதும் முதல்ல தேடிப் போனது நான்தான். யார்கிட்டயும் சொல்லாம, தனியா. மீசை நின்ன அதே புதர்கிட்ட நின்னேன். காலுக்கு அடியிலருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். படம் அச்சாயி எல்லா ஆபீசுக்கும் போயாச்சு, எனக்குப் பதவி உயர்வும் வந்தாச்சு. எதிரொலிதான்னு மனசைத் தேத்திக்கிட்டு இறங்கி வந்துட்டேன்."

உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டார்.

"ஆனா நான் அங்க வாயே திறக்கலைம்மா."